பனி என்று சொல்லித் தொலைத்தேன்

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருபத்து மூன்று வயதில் நான் என்னை ஒரு சுதந்திரப் பறவை என்று நம்பியிருந்தேன். அந்தப் பறவை அதுவரை கொச்சியின் வைட்டிலா பஸ் நிலையத்தைத் தாண்டியதில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் மாதிரிப் பொட்டலம் கட்டும் வேலை. கை பொட்டலம் கட்டும், கண் போனில் மலை பார்க்கும். உட்கார்ந்தால் கால் ஆடும், படுத்தால் தூக்கம் வராது. ஒரு மாதம் அடம்பிடித்து, இரண்டு நாள் பட்டினி கிடந்து (வீட்டில் மட்டும்தான், வெளியே பொரோட்டா உண்டு) வாகமண் மலைக்குத் தனியாகப் போக அனுமதி வாங்கினேன்.

"ஒரு குழப்பம் வந்துச்சுன்னு வை, இதோட உன் ஊர்சுத்தல் முடிஞ்சுது. அடுத்த மாசமே மாப்பிள்ளை பாத்துருவேன்" என்றார் அப்பா.

மலைவிளிம்பில் கூடாரம். பக்கத்துக் கூடாரத்தில் சென்னைப் பெண்கள் மூன்று பேர். என் தமிழைக் கேட்டு, "நீங்க மலையாளியா?" என்றார்கள். கொச்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பம்தான் எங்களுடையது; எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு ஊர், வீடு எல்லாம் கிடையாது. நான் நாடோடி" என்று அளந்துவிட்டேன்.

காலையில் பள்ளத்தாக்கே தெரியாமல் வெள்ளையாக மூடிக் கிடந்தது. எங்கள் வீட்டில் அதை மஞ்ஞு என்போம். அவர்கள் "செம பனி!" என்றார்கள். அவர்கள் எதிரில் அம்மாவுக்குப் போன் போட்ட நானும் சென்னைக்காரியாகிவிட்டேன்.

"அம்மா, இங்க பயங்கர பனி! போர்வைய விட்டு எழுந்திரிக்கவே முடியல. கண்ணே தெரியல!"

அத்தோடு சிக்னல் போயிற்று.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பொழுதெல்லாம் மலையாளம் பேசும் அம்மாவுக்கு வேறு எந்தப் பனியும் தெரியாது. (எனக்குத் தெரியாதா? தெரியும். பீற்றிக்கொள்ளும்போது மூளை வேலை செய்வதில்லை.)

மத்தியானம் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அம்மா ஒரு கையில் கஞ்சி, மறு கையில் தெர்மாமீட்டர். பின்னால் அப்பா, கம்பளியோடு.

"கண்ணு தெரியுதாடி மோளே?" என்று ஓடி வந்தவள், நாடோடியின் வாயில் தெர்மாமீட்டரைச் செருகினாள். சென்னைப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கூடாரத்துக்குள் ஓடினார்கள். என் மானம் கப்பலேறிவிட்டது.

விஷயம் புரிந்ததும் அப்பா ஜீப்பைக் காட்டினார். "கேறு வண்டில. சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. ஆனால் அம்மா வரவில்லை. பனி விலகிய பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அப்பா நாலு தடவை கூப்பிட்டார்.

"நீங்க போங்க. நான் நாளைக்கு வரேன்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"இருபத்தஞ்சு வருஷமா அந்தச் சந்துக்குள்ளயே கிடக்கேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாத்தான் என்னை வெளிய கூட்டிட்டு வருவீங்களோ?"

அப்பா கம்பளியை எங்களிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஜீப்பில் ஏறினார். அதன்பின் மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது வருஷத்துக்கு நாலு முறை தனியாக மலையேறுவது அம்மா. பொட்டலம் கட்டிக்கொண்டே அவளுக்குப் பத்து தடவை போன் போடும் என்னைத்தான் அப்பா கிண்டலாக நாடோடி என்று கூப்பிடுகிறார். போன வாரமும் பதறிப்போய்க் கேட்டேன்.

"நல்லாருக்கியாம்மா?"

"நல்லாத்தான்டி இருந்தேன், நீ போன் பண்ற வரைக்கும்."