சுரண்டியின் கம்பித்தட்டு

அறுபதுகளில் சிதம்பரத்தில் பகல் ஒரு மணிக்குப் பசியோடு இருந்தவர்களில் பாதிப் பேர் சுரண்டியால் பசியோடு இருந்தவர்கள். இதை நான் எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். மீதிப் பாதிப் பேர் சைவம்.

சுரண்டிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. கடலூர்ப் பக்கத்து மீனவர் குப்பத்து ஆள். எங்கள் ஆபீசுக்கு எதிரில் இருந்த மிலிட்டரி ஓட்டலில் மீன் சுடுவது அவர் வேலை. கரி அடுப்பு, அதன் மேல் கட்டிலில் பாதி அகலத்துக்கு ஓர் இரும்புக் கம்பித்தட்டு. கடலூர் முதுநகர்ப் பட்டறையில் தன் செலவில் அடித்து வாங்கி, ரயிலில் பக்கத்து இடத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தாராம். மசாலா தடவிய கொடுவா மீன் அதில் ஏறிவிட்டால், தெருக்கோடியில் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான்.

ஏறினால்தானே! ஒரு ஈடு மீன் இறங்கியதும் சுரண்டி தட்டைத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். முதலில் நெருப்பை ஒதுக்குவார். தட்டு ஆற வேண்டும், ஆனால் ஜில்லென்று ஆகிவிடக் கூடாது. வெதுவெதுப்பு சரியாக வந்ததும் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, தட்டையான இரும்புத் துண்டால் கரி, கொழுப்பு எல்லாவற்றையும் சுரண்டுவார். அப்புறம் தேங்காய் நாரும் சாம்பலும். அப்புறம் வெந்நீர். கடைசியில் தன் வெள்ளைத் துண்டால் கம்பி கம்பியாகத் துடைத்து, துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு புள்ளி தெரிந்தாலும் மறுபடி சாம்பல்.

ஒரு வக்கீல் பொறுக்க முடியாமல் எழுந்து போய் எதிர்க் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து, "ஆச்சாப்பா?" என்றார்.

"இன்னா சார் அவசரம்? தட்டுல ஒரு மூல பாக்கி கீது. ஒக்காருங்க."

வக்கீல் உட்கார்ந்தார்.

முதலாளி மட்டும் உட்காரவில்லை. பட்டணம் போனவர் இரும்புக் கம்பி வைத்த பிரஷ் ஒன்று வாங்கிவந்து நீட்டினார். "இத்தப் போட்டு அஞ்சு நிமிசத்துல முடி."

சுரண்டி பிரஷ்ஷை விரலால் ஒரு தட்டு தட்டினார். "இதுக்கு முடி கொட்டும் முதலாளி. கொட்டுன கம்பி தட்டுல ஒட்டும், அப்பால மீன்ல ஒட்டும். மீன் முள்ளுன்னா சோத்து உருண்டையோட எறங்கிடும். இது எறங்காது. கொடலக் கிழிச்சிடும்."

சொல்லிவிட்டு அதைத் திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி அடுப்படி வாசலில் தொங்கவிட்டார்.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீசருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் அந்த ஓட்டலில் விருந்து. முதலாளி சுரண்டியைக் கூப்பிட்டுத் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "ஒரு மணிக்கு எலையில மீன் விழலேன்னா, அன்னிக்கே ஒன் தட்டத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிடு."

சுரண்டிக்கு வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கோ கல்யாணம் ஆகவில்லை; அந்த மீனைத் தவிர வாழ்க்கையில் வேறு பிடிப்பு கிடையாது. அவரைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். குமாஸ்தா முடிவு செய்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

ஞாயிறு காலை சுரண்டி மீன் வாங்கப் போயிருந்தார். முந்தின நாள் தேய்த்த தட்டையே காலையில் மறுபடி தேய்க்காமல் அவர் அடுப்பு மூட்டமாட்டார். நான் பிரஷ்ஷை இறக்கி, பத்தே நிமிடத்தில் தட்டைப் பளபளவென்று ஆக்கிவிட்டு, பிரஷ்ஷைத் திரும்பவும் மாட்டிவிட்டேன். கூடையோடு வந்தவர் தட்டைப் பார்த்து நின்றார்.

"நான்தான் மாமா தேச்சேன். நாரு போட்டுத்தான்" என்று கூசாமல் புளுகினேன்.

"நீங்களா? ஒங்க கையாலயா?" துண்டை எடுத்தவர் மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க தேச்சத நான் தொடச்சிப் பாத்தா மரியாத இல்ல சார்."

மணி பன்னிரண்டே முக்காலுக்கு முதல் ஈடு இறங்கி, இலைகளுக்குப் போய்விட்டது. சுரண்டி அடுத்த ஈட்டுக்குத் தட்டைத் துடைத்தார். துண்டு எதிலோ மாட்டியது. பிரித்து எடுத்தார். மயிரிழை மாதிரி ஒரு கம்பி. தொங்கிக்கொண்டிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த நொடி பந்தியில் இருந்தார்.

"ஐயா, கைய எடுங்க!"

ஆபீசர் வாய்க்கு அருகில் கொண்டுபோன மீன் துண்டைக் கையிலிருந்தே பிடுங்கினார். வரிசையாக எல்லா இலைகளையும் சுருட்டினார். கொல்லையில் குழி தோண்டி அத்தனை மீனையும் கொட்டி மண்ணை மூடினார். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த நாயைக்கூட விரட்டினார். "போ! ஒனக்கும் தொண்ட ஒண்ணுதான்!"

பிறகு உட்கார்ந்து, சாம்பலிலிருந்து ஆரம்பித்தார். ஆபீசர் சாப்பிட்டபோது மணி மூன்றேகால்.

"எவன்டா பிரஷ்ஷத் தொட்டவன்?" என்று முதலாளி கத்தினார். நான் வாயைத் திறந்தேன். ஆபீசர் என்னைப் பார்த்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

"என் தட்டு முதலாளி. என் பொறுப்பு" என்றார் சுரண்டி. அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு ரயிலேறி முதுநகரில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் குப்பத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் அவர் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னிக்கு பிரஷ் போட்டது நான்தான்."

"தெரியும் சார். சாம்பல் போட்டுத் தேச்சவன் நகக்கண்ணு கருப்பா இருக்கும். ஒங்களுது வெள்ளையா இருந்திச்சி. அத்த அப்பவே பாக்காதது என் தப்பு."

"முதலாளிகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்க ஆபீசர் முன்னால ஒங்க மானம் போவும். எனக்கு வேலதானே போச்சு? இங்க கடலு கீது. நெழல்ல ஒக்காருங்க, சாப்புட்டுட்டுப் போவலாம்."

தட்டு சுத்தமாகி மீன் வெந்தபோது மணி நாலு. மீனை இலையில் வைத்தவர் அப்படியே விடவில்லை. எதிரில் குந்தி, விரலால் பிரித்து, ஒவ்வொரு துண்டாக வெயிலில் திருப்பிப் பார்த்து, முள்ளையும் எடுத்துவிட்டு என் பக்கம் தள்ளினார். இருபத்தாறு வயதுக் குமாஸ்தாவான எனக்கு ஒரு வாய் வைத்ததும் கண்ணீர் கொட்டிவிட்டது.

"காரம் ஜாஸ்தி பண்ணிட்டனா சார்?" என்று பதறினார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டேன்.