ஓடிப்போனவள் போட்ட தேநீர்

மனித குலத்துக்கு அருளப்பட்ட பிழையற்ற ஏடுகள் இரண்டே இரண்டு. ஒன்று வேதாகமம். மற்றொன்று, கனெக்டிகட் குடியேற்றத்தின் ஹார்வுட் நகரில் வியாழன்தோறும் வெளிவரும் ‘சுதந்திர எக்காளம்’. வேதாகமத்திலாவது சில இடங்களுக்கு விளக்கம் தேவைப்படும்.

அப்பேர்ப்பட்ட எக்காளத்தின் அச்சகத்துக்குள் நுழைந்து, கேட்கவே கூடாது என்று புருஷன் படித்துப் படித்துச் சொல்லியிருந்த ஒன்றைக் கெசையா பிரெண்டிஸ் கேட்டாள்.

“நான் ஓடிப்போகலன்னு போடுங்க.”

அச்சக அதிபர் டிமதி லோரிங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு போன வார இதழைப் பார்த்தார். இரண்டில் எதை நம்புவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

‘என் மனைவி கெசையா என் படுக்கையையும் பந்தியையும் துறந்து ஓடிவிட்டாள். அவள் வாங்கிய, வாங்கப்போகும் எதற்கும் நான் பொறுப்பல்ல. இப்படிக்கு, ஒபதியா பிரெண்டிஸ்.’

காணாமல்போன பழுப்புக் குதிரைக்கும் தப்பியோடிய அடிமைக்கும் நடுவே அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மேலே ஒரு குட்டிப் படம்: தோளில் கோல், கோலின் நுனியில் மூட்டை, நடக்கிற ஓர் உருவம். அடிமை ஓடினாலும் அந்த அச்சுக்கட்டைதான், மனைவி ஓடினாலும் அந்தக் கட்டைதான். சிக்கனம். எதிர்ப்பக்கத்தில் ‘நாங்கள் இங்கிலாந்தின் அடிமைகளல்ல’ என்ற தலையங்கம். அதை அச்சுப்பொறியில் இழுத்து இழுத்து அடித்தவர் கேட்டோ என்பவர். நியூபோர்ட் துறைமுகத்தில் இரண்டு பீப்பாய் வெல்லப்பாகோடு சேர்த்து லோரிங் விலைக்கு வாங்கிவந்தவர்.

கெசையா ஓடிப்போன வரலாறு தேசபக்தி நிறைந்தது. இங்கிலாந்து விதித்த வரியை எதிர்த்து, அதன் கப்பலில் வரும் தேயிலையைத் தொடுவதில்லை என்று ஊரே சத்தியம் செய்திருந்தது. சத்தியத்தைக் காக்கும் ‘கண்காணிப்புக் குழு’வின் செயலாளர்தான் ஒபதியா. மேடையில் ராஸ்பெர்ரி இலைகளைக் கொதிக்கவைத்த ‘சுதந்திரக் கஷாயத்தை’ ஒரே மூச்சில் குடிப்பார். வீட்டுக்கு வந்ததும், வாய்க் கசப்புப் போக, மாவுப் பீப்பாயின் அடியில் ஒளித்திருக்கும் தேயிலையை எடுத்துக் கொடுப்பார். கெசையா தேநீர் போடுவாள். ஒரு நாள் வேறு வேலையாக வந்த குழுத் தலைவர் வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டார்.

பிடிபட்டவர் எக்காளத்தில் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது விதி. மனைவி வாங்கியது என்று சொல்லலாம். ஆனால் சட்டப்படி மனைவி செய்வதும் புருஷன் செய்வதும் ஒன்று. அவள் ஓடிப்போயிருந்தால் ஒழிய. நாட்டுக்காக எந்தத் தியாகத்துக்கும் தயாரான ஒபதியா, மனைவியைத் தியாகம் செய்தார்.

“பேப்பர்லதான்டி ஓடிப்போற,” என்று சாப்பாட்டு மேசையில் ஆறுதல் சொன்னார். “வீட்ல நீபாட்டுக்கு இரு. நானா போகச் சொன்னேன்? அந்த பீன்ஸ இன்னுங் கொஞ்சம் போடு. அச்சாபீசுக்குப் போயி திருத்து கிருத்துன்னு மட்டும் கேட்டுறாத. நாட்டோட மானம் இருக்கு.”

அவள் நாட்டின் மானத்தைக் காத்தபடி ஒரு வாரம் இருந்து பார்த்தாள். தேவாலயத்தில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். தகரப் பாத்திரம் விற்கிறவனோடு அவள் ஓடிப்போன கதையை அவளிடமே இரண்டு பேர் சொன்னார்கள். ஒருத்தி, ஆள் பார்க்க எப்படி என்றும் கேட்டாள். பீப்பாயில் மாவு தீர்ந்து கடைக்குப் போனபோது, கடைக்காரி திருமதி பெக் அவளைத் தாண்டிப் பின்னால் நின்றவளுக்கு நிறுத்துப் போட்டாள்.

“ஓடிப்போனவளுக்கு எப்படிம்மா மாவு போடுறது?”

“நேத்துகூட உன் வேலியோரமாத்தானே துணி காயப்போட்டேன். நீ பாக்கல?”

“பாத்தேன்தான். ஆனா படிச்சிருக்கேனே.”

அங்கிருந்துதான் கெசையா நேரே அச்சகம் வந்தாள். வீட்டில் அடுப்பு மூட்டலாம். ஊரில் அவள் இல்லை. தான் இருக்கிறோம் என்பதை ஒரே ஒரு வரியில் போடச் சொன்னாள்.

லோரிங் பொறுமையாக விளக்கினார். மனைவியின் அறிவிப்புக்குப் புருஷனின் கையெழுத்து வேண்டும். தவிர, எக்காளம் திருத்தம் போட்டதாகச் சரித்திரமே இல்லை.

“போன குளிர்ல டீக்கன் ப்ளிஸ் செத்துட்டாருன்னு போட்டோம். மறுநாளே இதே இடத்துல வந்து நின்னு கத்துனாரு. திருத்துனோமா? பொறுத்தோம். பனி உருகறதுக்குள்ள செய்தி சரியாப்போச்சு. எதுக்கும் நிதானம் வேணும்மா.”

“அப்ப நானும் சாகணுமா?”

“சேச்சே. உனக்கு அவ்வளவு சிரமம் இல்ல. ஓடிப்போனாப் போதும்.”

கெசையா அந்தக் குட்டிப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோல், மூட்டை, நடக்கிற கால். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கூடத்தில் கண்காணிப்புக் குழு கூடியிருந்தது. ‘எங்களைக் கேட்காமல் எங்கள் தலைவிதியை முடிவு செய்ய எவனுக்கும் உரிமை இல்லை’ என்ற தீர்மானம் பலத்த ஆதரவோடு நிறைவேறிக்கொண்டிருந்தது. தொண்டை வறண்ட ஒபதியா பழக்கதோஷத்தில் அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

“கெசையா, கஷாயம் கொண்டா.” உடனே இருமினார். “அதாவது... யாராவது.”

வெறும் பீப்பாயின் அடியில் தேயிலைப் பொட்டலம் தனியாகக் கிடந்தது. கெசையா முழுவதையும் கொட்டிக் கொதிக்கவைத்தாள். அவளுக்கு முன்னால் மணம் கூடத்துக்குள் போனது. ஒவ்வொரு கிண்ணமாக ஊற்றினாள். பத்திரிகை படிக்கிறவர்கள் என்பதால் ஒருவரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒபதியாவின் முகத்தில் மட்டும், வீட்டில் இல்லாத மாவு அத்தனையும் அப்பியிருந்தது.

“ஐயாமாரே, நான் போன வாரமே ஓடிப்போயிட்டேன். ஊரே படிச்சிருக்கு,” என்றாள் கெசையா. “ஓடிப்போனவ தேயிலை வாங்க முடியாது, பதுக்க முடியாது, கொதிக்கவைக்கவும் முடியாது. அப்ப இது யாரோடதுன்னு குழு விசாரிச்சுக்கட்டும்.”

“அவதான் போட்டா,” என்று ஒபதியா எழுந்தார். “இதோ நிக்கிறாளே, பாருங்க.”

குழுத் தலைவர் நிதானமாக இன்னொரு வாய் உறிஞ்சினார்.

“யாரு, ஒபதியா?”

கதவோரம் கோலும் மூட்டையும் தயாராக இருந்தன, படத்தில் உள்ளபடியே. நியூ லண்டன் சாலையில், அக்கா வீடு இருக்கும் திசையில், கெசையா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். எக்காளத்துக்கு இனித் திருத்தம் தேவையில்லை. ஆண்கள் கூடி அச்சடித்த பொய்யை உண்மையாக்கிக் கொடுக்கிற வேலையையும், மற்ற வீட்டுவேலைகளைப் போலவே, ஒரு பெண்தான் செய்து முடித்தாள்.