வரிசையை ஒழுங்கு செய்த நார்மன்

ஒரே ஒரு ஊரில் ஓயாத ஒரு மழை இருந்தது. அந்த மழை கொஞ்சம் ஒதுங்கி நின்ற இடத்தில் ஒரு மீன் வறுவல் கடை இருந்தது. ஊம் கொட்டுகிறவர்கள் கொட்டலாம். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம், நெசவாலைகளெல்லாம் மூடிப்போன ஊர் அது. கடைக்கு மூன்று தெரு தள்ளி வெண்டியும் அவள் புருஷன் நார்மனும் குடியிருந்தார்கள்.

நார்மன் கூரை வேலைக்காரன். ஆறு வருஷத்துக்கு முன்னால் தேவாலயக் கூரைக்கு ஓடு மாற்றும்போது விழுந்தான். அன்றிலிருந்து இடது கையும் இடது காலும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. சக்கர நாற்காலிதான். இதைக் கேள்விப்பட்ட மேன்மை தங்கிய அரசாங்கம் மனமுருகி, நார்மனுக்கு இயலாமைப் படி என்று ஒன்றை வழங்கியது. அவனைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, கூடவே இருக்கிற வெண்டிக்குப் பராமரிப்புப் படி என்று இன்னொன்றை வழங்கியது. இந்த இரண்டையும் வாங்குகிற வீடாயிற்றே என்று வீட்டு வரியில் ஒரு தள்ளுபடியும் கொடுத்தது. மூன்றும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. அடியில் நின்றது நார்மனுடையது.

ஆறு வருஷம் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த வெண்டிக்கு, வேறு நாலு முகம் பார்த்தால் தேவலை என்று தோன்றியது. ரஸ்ஸலின் மீன் கடையில் வாரத்துக்கு மூன்று சாயங்காலம் வேலை இருந்தது. பொறுப்பான பெண்மணி ஆனதால், முதலில் நலத்துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். அங்கே கிரிம்ஷா என்றொரு அதிகாரி. நல்ல மனுஷன். பென்சிலைக்கூட வலிக்காமல் சீவுகிறவர்.

"தாராளமாப் போங்கம்மா. நீங்க வேலைக்குத் திரும்பறத அரசாங்கம் மனசார வரவேற்குது. எதுவரைக்கும் வரவேற்குதுங்கறது இந்தத் தாள்ல இருக்கு."

வாரச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு போட்டிருந்தது. அதைத் தொடலாம், தாண்டக் கூடாது.

"ஒரு பென்னி தாண்டிட்டா?"

"படி நின்னுடும்."

"அந்த ஒரு பென்னியக் கழிச்சுக்குவீங்களா?"

"இல்லம்மா. படி முழுசும் நின்னுடும்."

"ஒரு பென்னிக்கா?"

"பென்னி சின்னதுதாம்மா. விதி பெரிசு."

வெண்டியும் ரஸ்ஸலும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மூன்று சாயங்காலமும் முழுசாக வேலை பார்த்தால் சம்பளம் வரம்புக்கு நாற்பது பென்னி கீழே நின்றது. அப்பாடா என்று வேலையில் சேர்ந்தாள். இரண்டே மாதத்தில் கடையில் கூட்டம் கூடிவிட்டது. ரஸ்ஸல் சந்தோஷப்பட்டு, சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்றார்.

"ரஸ்ஸல், உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? தயவுசெஞ்சு சம்பளத்த ஏத்தாதே."

"இருபத்தெட்டு வருஷமாக் கடை நடத்துறேன் கண்ணு. எவரும் இதச் சொல்லிக் கேட்டதில்ல. இன்னொரு தடவ சொல்லேன், காது குளிரக் கேட்டுக்கறேன்."

சம்பளம் ஏறவில்லை. ஆனால் ரஸ்ஸலுக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கடை மூடும்போது மீந்துபோன மீனை வைத்திருக்க முடியாது, குப்பைக்குத்தான் போகும். அதில் ஒரு ஹாடக் மீனைக் காகிதத்தில் சுற்றி, "நார்மனுக்குக் கொடு" என்று தந்துவிடுவார். நார்மன் அதை ஒற்றைக் கையால் முள் எடுத்துச் சாப்பிடுவான்.

இதைக் கோள் சொன்னவர் யாரும் இல்லை. சொன்னது வெண்டிதான். வருஷாந்தரப் படிவத்தில், 'சம்பளம் தவிர வேறு ஏதேனும் பெறுகிறீர்களா?' என்று கேட்டிருந்தார்கள். பொய் எழுதப் பழகாத ஊர். 'வெள்ளிக்கிழமை ஒரு மீன்' என்று எழுதினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிரிம்ஷா ஒரு கோப்போடு கடைக்கு வந்தார்.

"மேற்படி மீன் பெரிசா, சின்னதா?"

"நடுத்தரம்" என்றார் ரஸ்ஸல்.

"மேல்மாவோடவா?"

"மேல்மா இல்லாம எவன்யா வறுப்பான்?"

கிரிம்ஷா மேல்மாவைத் தனியாகக் குறித்துக்கொண்டார். "வினிகர்?"

"அது வீட்டுல ஊத்திக்குவோம் சார்" என்றாள் வெண்டி.

"நல்லவேளை. இந்த மீனுக்கு விலைப்பட்டியல்படி ஆறு பவுண்டு. உங்க சம்பளத்தோட சேர்த்தா வரம்பு தாண்டிடுது."

"சார், அது குப்பைக்குப் போற மீனு!"

"குப்பைக்குப் போனா அதுக்கு விலை இல்லம்மா. உங்க வீட்டுக்குப் போனா விலை உண்டு."

"ரெண்டும் ஒரே மீன்தானே?"

"மீன் ஒண்ணுதான். போற இடம் வேற."

வெண்டியின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்தது. கோப்பைப் புரட்டோ புரட்டு என்று புரட்டினார். ஒரு வழி கிடைத்தது. "ரஸ்ஸல் தன்னோட சிநேகிதர் நார்மனக் கூப்பிட்டு, கடையில வச்சே சாப்பாடு போட்டா அது விருந்தோம்பல். விருந்தோம்பலுக்கு இன்னும் படிவம் அச்சாகல. அவர இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

நார்மன் கடைக்கு வந்தது இப்படித்தான். வெள்ளிக்கிழமை தோறும் வெண்டி அவனைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலோரம் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவாள். அன்றைக்குத்தான் ஊரே மீன் வாங்க வரும். வரிசை தெருமுனை வரைக்கும் நீளும். சடசடவென்று மழை வரும். ஆளுக்கொரு பக்கம் ஓடி ஒதுங்குவார்கள். மழை விட்டுத் திரும்பினால் யார் முன்னால் நின்றார், யார் பின்னால் நின்றார் என்பதே தெரியாது. அந்த ஊரில் ஒருவர் இன்னொருவருக்கு முன்னால் போய்விட்டால், அப்புறம் மூன்று தலைமுறைக்கு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இருக்காது.

நார்மனுக்கு வேறு என்ன வேலை? வந்தவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதனால் எல்லாம் ஞாபகத்தில் இருக்கும்.

"நீலத் தொப்பி, அடுத்தது நீங்க. உங்களுக்கு அப்புறம் நாய் வச்சிருக்கற அம்மா. யப்பா குடைக்காரா, நீ பதினொண்ணாவது, மேல பாத்துக்கிட்டு நகராதே."

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த வெண்டி, அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். அதற்குள் எண்ணெய் புகைந்துவிட்டது.

நாலாவது வெள்ளிக்கிழமை கிரிம்ஷா தன் சொந்தப் பசிக்காக வரிசைக்கு வந்தார்.

"வாங்க சார். உங்களுக்கு முன்னாடி அஞ்சு பேரு."

கிரிம்ஷா சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். ஒரு வாரத்தில் பழுப்பு உறையில் கடிதம் வந்தது. நார்மன் அவர்கள் மேற்படி கடையில் 'வரிசை ஒழுங்குபடுத்தும் பணி'யில் ஈடுபட்டிருப்பது நேரில் கண்டறியப்பட்டது என்றும், அன்னார் பணிக்குத் திரும்பியதில் இத்துறை பெருமகிழ்ச்சி அடைகிறது என்றும் எழுதியிருந்தது. வெண்டி கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அவரு சம்பளமே வாங்கல சார்!"

"வாங்காதது அவரோட பெருந்தன்மை. வாங்கியிருக்கக் கூடிய சம்பளம்னு ஒண்ணு இருக்கேம்மா. போக, மீன் வேற சாப்பிடறாரு."

"அது விருந்தோம்பல்னு நீங்கதான சொன்னீங்க!"

"அப்ப அவர் வேலை செய்யலியே."

வேலை செய்கிறவர் இயலாதவர் அல்ல. ஆகவே நார்மனின் படி நின்றது. இயலாதவர் இல்லாத வீட்டில் பராமரிக்க யாரும் இல்லை. ஆகவே வெண்டியின் படியும் நின்றது. இரண்டும் இல்லாத வீட்டுக்கு வரித் தள்ளுபடி எதற்கு? அதுவும் போயிற்று. கடிதத்தின் கடைசி வரியில் ஒரு நற்செய்தி: வெண்டி இனி எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம். வரம்பு ஏதும் இல்லை. ஆறு நாளும் வேலைக்குப் போனால்தான் வாடகை கட்ட முடியும். ஆறு நாளும் போனால் நார்மனைக் கட்டிலிலிருந்து தூக்க ஆள் கிடையாது. இதற்குக் கடிதத்தில் வரி இல்லை.

வெண்டி மேல்முறையீடு செய்தாள். ஊர் அவளைக் கைவிடவில்லை. விசாரணை அன்றைக்கு மீன் கடையின் வெள்ளிக்கிழமை வரிசை மொத்தமும் சாட்சி சொல்ல வந்துவிட்டது. நாய் வைத்திருக்கிற அம்மா முதலில் எழுந்தாள்.

"ஐயா, நார்மன் தங்கமான மனுஷன். அவன் இல்லேன்னா எங்க ஊர்ல வரிசையே கிடையாது. ரெண்டு காலும் நல்லா இருக்கறவன் பத்துப் பேர் வந்தாலும் அவன் ஒருத்தனுக்கு ஈடாகாது."

வெண்டி கண்ணை மூடிக்கொண்டாள். நீலத் தொப்பிக்காரர் அதற்கும் மேலே போனார். "களைப்புன்னு ஒரு வார்த்த அவன் வாயிலேர்ந்து வந்ததில்லங்க." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உதவி செய்ய வந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? இல்லாதவனைப் பற்றிக்கூட நல்லதாக நாலு வார்த்தை சொல்லிப் பழகியவர்கள். இவனோ எதிரிலேயே இருக்கிறான்.

நடுவர் நார்மன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. உடம்பு எப்படி இருக்கு?"

அந்த ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். காலராவில் கிடந்தாலும் அதுதான் பதில்.

"பரவாயில்லீங்க. குறைன்னு சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

எழுத்தர் எழுதிக்கொண்டார்: 'மனுதாரருக்குக் குறை ஏதும் இல்லை.'

"நார்மன்! இன்னிக்கு ஒரு நாளாவது குறை சொல்லித் தொலையேன்! ராத்திரியெல்லாம் வலியில பல்லக் கடிக்கிறியே, அதச் சொல்லு!"

நார்மனின் காது சிவந்துவிட்டது. "இத்தன பேருக்கு முன்னாடியா வெண்டி?" என்றான் சின்னக் குரலில்.

நார்மன் வேலைக்கு முழுத் தகுதியுள்ளவர் என்று தீர்ப்பாயிற்று. தகுதியுள்ளவர் வேலை தேட வேண்டும், தேடாவிட்டால் அதற்கு வேறு தண்டனை. தேடினார்கள். நலத்துறை அலுவலகத்திலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. இந்த மாதிரிக் கடிதங்கள் ஊரெங்கும் போனதிலிருந்து அலுவலகத்தில் கூட்டம் சொல்லி மாளவில்லை, வரிசையை ஒழுங்குபடுத்த ஆள் தேவை. கிரிம்ஷாவே மனமுவந்து அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் மாடியில் அலுவலக மருத்துவர் நார்மனைச் சோதித்தார். இடது கை இயங்கவில்லை, இடது கால் இயங்கவில்லை, முதுகுத்தண்டில் தீராத வலி, பணிக்கு அறவே தகுதியற்றவர் என்று எழுதி முத்திரை குத்தினார்.

வெண்டி தீர்ப்புக் கடிதத்தையும் மருத்துவர் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழ்த்தளத்து ஜன்னலில் கிரிம்ஷாவிடம் நீட்டினாள். நார்மன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான்.

"இதுல எது சார் சரி?"

கிரிம்ஷா நிதானமாக இரண்டையும் படித்தார். "ரெண்டுமே சரிம்மா."

"எப்படி?"

"படி வாங்கறதுக்கு அவரு நல்லா இருக்காரு. சம்பளம் வாங்கறதுக்கு நல்லா இல்ல."

வெண்டி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. ஜன்னல் பலகையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "நான் நகரப் போறதில்ல சார். இதுக்கு ஒரு பதில் சொல்றவரைக்கும் இங்கயேதான் நிப்பேன்."

அந்த ஊர் சரித்திரத்தில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. கிரிம்ஷாவின் பென்சில் கீழே விழுந்தது. "அம்மா, பின்னாடி நாப்பது பேர் நிக்கிறாங்கம்மா."

வெண்டி திரும்பினாள். நாற்பது பேர் கையிலும் அதே பழுப்பு உறைதான்.

"உங்களுக்கும் இதே கடிதம்தானே வந்திருக்கு? நீங்களும் என்கூட நில்லுங்க. நாம எல்லாரும் நகராம நின்னா இவங்க என்ன பண்ணுவாங்க?"

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். "நீ சொல்றது நூத்துக்கு நூறு நியாயம் கண்ணு" என்றார் முன்னால் நின்ற பெரியவர். "ஆனா நான் ஒம்போது மணிலேர்ந்து நிக்கிறேன்."

நார்மன் அவள் சட்டைக்கையை மெதுவாகப் பிடித்து இழுத்தான். "வெண்டி, வா. அவரு முறை வந்துடுச்சு."

அவள் கையை எடுத்தாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. பெரியவருக்கு அவர் கடிதமும் சரிதான் என்று விளக்கப்பட்டது. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவரும் நன்றி சொன்னார்.

ஐந்து மணிக்கு ஜன்னல் மூடியபோது இன்னும் ஒரே ஒருவர் பாக்கி. மூடிய ஜன்னலின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைப் பார்த்து, "மன்னிக்கணும், உங்களுக்குத் தொந்தரவு" என்று சொல்லிவிட்டு, மழையில் இறங்கி நடந்துபோனார்.