ஏழு பேரை மீட்கும் விழா

நெய்தலங்கோடு என்ற நாட்டை நீங்கள் எந்த வரைபடத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள். வரைபடம் போட்டு முடித்துப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. வெளியீட்டு விழாதான் இன்னும் நடக்கவில்லை. எங்கள் நாட்டில் விழா எடுக்காத எதுவும் நடந்ததாகாது. ஆற்றுப் பாலம் கட்டி முடிந்த பிறகும், குறுக்கே கட்டிய நாடாவை அரசர் வெட்டும் வரை இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் கடந்தோம். 'மக்கள் நீராடி மகிழ்ந்தனர்' என்று அதை அறிவிப்பாக எழுதியவன் நான். அரண்மனையில் என் வேலையே அதுதான்.

ஒரு நாள், எதிரே இருக்கும் கோட்டான்தீவின் கொள்ளையர்கள் வந்து, எங்கள் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏழு பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களில் ஒருவன் சடையன். அவன் மனைவி பவளாயி அதே அளத்தில் உப்பு வாருகிறவள்.

எங்களிடம் மூன்று படைகள் உண்டு. யானைப்படை, குதிரைப்படை, படகுப்படை. மூன்றும் மீட்கக் கிளம்பிக் கடற்கரை வரை போயின. அங்கே மரியாதைப் பிரச்சினை வந்தது. யானைப்படை மூத்தது என்பதால் அது ஏறாமல் குதிரை ஏறக் கூடாது. குதிரை ஏறாமல் படகு நகரக் கூடாது. யானையோ படகில் ஏற மறுத்தது. மூன்று நாள் நின்றுவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். 'வீரர்கள் கடலைப் பார்வையிட்டனர்' என்று எழுதினேன்.

தோல்வியை ஆராய அமைத்த குழு, மூன்று படைகளுக்கும் பொதுவாக, யாருக்கும் தெரியாமல் செயல்படும் மறைபடை ஒன்று வேண்டும் என்றது. ஒவ்வொரு படையும் தன் சிறந்த ஐம்பது பேரை அதற்குக் கொடுக்க வேண்டும். எந்தத் தளபதிதான் சிறந்தவனை விட்டுக்கொடுப்பான்? யாரை எப்போது தலைமுழுகலாம் என்று காத்திருந்தார்களோ, அவர்களுக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். நீச்சல் தெரியாத படகோட்டிகளும், குதிரையைக் கண்டால் தும்முகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்று படைகளும் ஒருமனதாக விட்டுக்கொடுத்த வில்லவராயர் தலைவரானார். தலைமையகத் திறப்பு விழாவுக்கு ஊரெங்கும் வளைவுகள் வைத்தோம். 'மறைபடைத் தலைமையகத்துக்கு இவ்வழி' என்று அவற்றில் எழுதியதும் நான்தான்.

அதன் பிறகு ஆணைகள் வந்தன. மறைபடை தெருவில் போகும்போது யாரும் பார்க்கக் கூடாது; எல்லோரும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அவர்கள் நாளுக்கு நான்கு முறை போனார்கள். நானும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, 'மக்கள் கண்கொட்டாமல் பார்த்து வியந்தனர்' என்று எழுதினேன். அடுத்து, பயிற்சிக்கென்று உப்பளத்தை எடுத்துக்கொண்டார்கள். பிறகு மீனவர்களின் படகுகளை எடுத்துக்கொண்டார்கள். கஞ்சியில் உப்பில்லை, குழம்பில் மீனில்லை. மறைபடை நம்மைக் காக்கிறது என்று நாங்கள் அந்தக் கஞ்சியைக் குடித்தோம்.

பவளாயி பத்து நாளைக்கு ஒரு முறை என் அலுவலகச் சன்னலுக்கு வருவாள். எப்போது கூட்டி வருவார்கள் என்று கேட்பாள். பயிற்சி நடக்கிறது என்பேன். ஐந்தாவது முறைக்குப் பிறகு அவள் வரவில்லை.

மறைபடை வேண்டாமென்று ஒதுக்கிய ஓட்டைப் படகு ஒன்று அவளிடம் இருந்தது. அதை அடைத்து, வீட்டில் மிச்சமிருந்த மூன்று மூட்டை உப்பை ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில் தீவுக்குப் போயிருக்கிறாள். அங்கே கொள்ளையர்களின் மீன் உப்பில்லாமல் நாறிக்கொண்டிருந்தது. அவள் உப்பைக் கொடுத்தாள். அவர்கள் ஏழு பேரைக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் எட்டுப் பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வாழ்நாளில் முதல் முறையாக ஓர் உண்மையை எழுதப் போகிறோம் என்று வில்லவராயரிடம் ஓடினேன்.

அவர் முகம் சுருங்கியது. "மீட்பு நடவடிக்கையே அடுத்த மாதம் பதினான்காம் நாள்தான் தொடங்கவிருக்கிறது. அதற்கு முன்பே இவர்கள் எப்படி மீட்கப்பட்டவர்கள் ஆவார்கள்? அரசர் நேரில் பார்வையிடுவதாக அழைப்பிதழ் வேறு அச்சாகிவிட்டது."

அவர் சங்கடத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை ஆண்டுப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. "இப்போதைக்கு இதைத் தற்காலிக வருகை என்று எழுதலாமா ஐயா?"

அவர் முகம் மலர்ந்தது. வருகை தந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியவர்கள்தானே என்றார்.

மறுநாள் ஏழு பேரையும் படகேற்றித் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மறைபடை கடலைக் கடந்தது அன்றுதான். கொள்ளையர்களோ மீனுக்கு உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு வேறு கரைக்குப் போயிருந்தார்கள். ஆனாலும் வேலை கெட்டுவிடக் கூடாதே. மறைபடையில் நாற்பது பேருக்குக் கொள்ளையர் வேடம் கட்டி, ஏழு பேருக்கும் காவல் வைத்தார்கள். அந்தப் படை தன் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். ஓர் ஈ கூட உள்ளே போக முடியவில்லை.

பதினான்காம் நாள் அரசருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த மாதம் பந்தல் சரிந்தது. அதற்கடுத்த மாதம் நல்ல நாளே இல்லை.

நேற்று பவளாயி மறுபடியும் சன்னலுக்கு வந்தாள். தீவுக்குக் கஞ்சி கொண்டுபோனவளைப் பாதிக் கடலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவள் அழவில்லை.

"மொத வந்தவனுங்க களவாணிங்கய்யா, அவனுங்களுக்கு உப்பு வேணும்னு கேட்டானுங்க, குடுத்தேன். இவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா ரகசியம்ங்கிறாங்க. நான் எதைக் கொண்டுபோய்க் குடுக்க?"

பயிற்சி நடக்கிறது என்றேன்.

அவள் போன பிறகு பெட்டியைத் திறந்து வெற்றி அறிவிப்பைச் சரிபார்த்தேன். நான்கு மாதத்துக்கு முன்பே எழுதி முடித்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதில் ஏழு பேரும் நலமாகக் கரையேறுகிறார்கள், பவளாயி என்ற பெண் மறைபடைத் தலைவரின் காலில் விழுந்து ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறாள்.