அவரைக்கு வைத்த விருந்து

பசிக்காதவருக்கு ஊட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. ஊட்டுபவருக்கு மட்டும்தான். என் மாமியாரிடம் சிக்கி இதை நன்றாக அனுபவித்திருந்தும், அதையே மொட்டை மாடியில் இருந்த அவரைக்கொடிகளுக்குச் செய்தேன்.

கல்யாணமான புதிதில் மதுரைக்குப் போனால் மாமியார் கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார். "போதும் அத்தை" என்பதை வெறும் மரியாதைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வார். (அந்த வருடம் என் சட்டைகளெல்லாம் சுருங்கிவிட்டன.)

தலைப் பொங்கலுக்குச் சீர் கொண்டு ஆவடி பக்கம் வெள்ளானூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு மாமியார் வீட்டார் வருவதாக ஏற்பாடு. நான் சும்மா இருந்திருக்கலாம். "காய்கறி எதுவும் தூக்கிட்டு வராதீங்க அத்தை. பொங்கலுக்கு அவரைக்காய் நம்ம மாடியிலேர்ந்துதான்" என்று ஃபோனில் வாக்குக் கொடுத்துவிட்டேன். (அப்போது கொடியில் இருந்ததே நாலு இலை.)

வாக்கைக் காப்பாற்ற யூரியா வாங்கினேன். போடப் போட இலை கரும்பச்சையாகத் தளதளத்தது. மூலையில் இருந்த ஒரு தொட்டியை மட்டும் என் மனைவி கவிதா காப்பாற்றிவிட்டாள். "இதுல கை வச்சீங்க, அவ்ளோதான்!" அதற்குச் சமையலறைக் கழிவு மக்கிய உரம் மட்டுமே.

மார்கழியில் கொடி பந்தலைத் தாண்டியது. பூ மட்டும் வரவில்லை. பூக்க வேண்டிய நுனியெல்லாம் மிளகுப்பொடி தூவியதுபோல் அசுவினிப் பூச்சி. செடி சோர்ந்துவிட்டது, தெம்பு வேண்டும் என்று மேலும் ஒரு பிடி யூரியா போட்டேன். துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அண்ணன் அசந்துபோய் நின்றார்.

"இன்னா சார், ஆவடில கீற பூச்சி மொத்தமும் உங்க மாடிக்கே வந்துகினு கீது!"

பொங்கலன்று மாமியார் ஆசையாக மாடியேறி இலையைத் தடவினார். கையெல்லாம் பிசுபிசுப்பு, புதுப்புடவையில் கறுப்புப் பூச்சிகள்.

"என்ன மாப்ள இது?"

எனக்கு மாடியிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அதற்குள் கவிதா மூலைத் தொட்டியிலிருந்து இரண்டு கை அவரைக்காயைப் பறித்து வந்தாள். அதில் பூச்சி பெயருக்குத்தான் இருந்தது.

"அவரைச்செடி தனக்கு வேண்டிய தழைச்சத்த வேர்லயே சேர்த்துக்கும்மா. இவர் மேல மேல யூரியா ஊட்டி, இலைய இளசாக்கி, பூச்சிக்குப் பந்தி வச்சிருக்காரு."

மாமியார் செடியைப் பார்த்தார். பிறகு என் தொந்தியைப் பார்த்தார். கீழே போய், என் வாக்கை நம்பாமல் கொண்டுவந்திருந்த காய்கறிப் பையைப் பிரித்தார்.

யூரியாவை நிறுத்தினேன். பூச்சி பிடித்த நுனிகளைக் கிள்ளியெறிந்து, தினமும் தண்ணீரைப் பீய்ச்சினோம். மிச்சப் பூச்சிகளைத் தின்னப் பொறிவண்டுகள் வந்தன. மாசியில் எல்லாத் தொட்டியும் பூத்தது. அவரைக்காயை ஒரு பை நிறைய மதுரைக்கே கொண்டுபோனேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

அங்கே அதே காயில் பொரியல் செய்து மாமியார் மறுபடி கரண்டியோடு வந்தார். "போதும் அத்தை" என்றேன். கரண்டி நிற்கவில்லை.

"அம்மா, விடு. அசுவினி வந்துடும்" என்றாள் கவிதா.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்படியே திரும்பிப் போனது. இன்றுவரை எங்கள் வீட்டுப் பந்தியில் யாரும் "போதும்" என்று சொல்வதில்லை. இலைக்குக் குறுக்கே கையை நீட்டி "அசுவினி" என்கிறோம்.