நட்பு ஆட்டத்தில் விழுந்த கோல்

ஆடி மாதத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பது பெரியவர்கள் வாக்கு. அதனால்தான் எங்கள் பக்கத்துக் கால்பந்து அணிகள் ஆடி முழுக்கப் பயிற்சி ஆட்டம் ஆடிவிட்டு, ஆவணி பிறந்ததும் லீக்கில் இறங்கும். மொத்தம் எட்டு அணிகள். அதில் ஏழு அணிகள் ஏதாவது ஒரு வருஷம் கப்பைத் தூக்கியிருக்கின்றன. எட்டாவது அணியின் பெயர் வில்லாபுரம் வெற்றிக் கால்பந்துக் கழகம். பெயரில் இருக்கிற வெற்றியே போதும் என்று பதினோரு வருஷமாக அது திருப்தியாக இருந்துவருகிறது.

திருப்தி இல்லாத ஒரே ஆள் பத்ரிநாத். வில்லாபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, மனு எழுதிக்கொடுத்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்துப் பிழைக்கிறவர். கழகத்தின் ஜெர்சி கத்தரிப்பூ நிறம் என்று முடிவான வாரமே தன் வீட்டுக்கும் அதே நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டார். முன்சுவர், பக்கச்சுவர், காம்பவுண்டு, மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி, எதையும் விடவில்லை. அன்று முதல் பார்சல் கொண்டுவருகிறவர்கள் கதவு எண் கேட்பதில்லை. போனை எடுத்ததும், “கத்தரிக்கா வீடுதானேண்ணே?” என்றுதான் கேட்கிறார்கள்.

மனைவி சூடாமணி பதினோரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். இந்த ஆடி முதல் தேதி காலையில், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில் ஒரு தீர்ப்புச் சொன்னார். தமிழில் எழுதினால் காரம் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

“இந்த வருஷம் உங்க டீமுக்குக் கப்பு வந்தா, இந்தக் கலரு நம்ம காலம் முச்சூடும் இருந்துட்டுப் போகட்டும். வரலேன்னா வீட்டுக்கு வெள்ளை அடிச்சிரணும்.”

“இந்த வருஷம் நம்ம வருஷம், சூடா.”

“போன வருஷமும் நம்ம வருஷந்தான். காலண்டரு மட்டும் மாறுது.”

பத்ரிநாத் காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை. ஏனென்றால் போன வருஷக் கதை அவருக்குத் தெரியும். ஆடியில் ஆறு பயிற்சி ஆட்டம், ஆறிலும் ஜெயம். ஆவணியில் ஏழு லீக் ஆட்டம், ஏழிலும் மண். அதற்கு முந்தின வருஷமும் ஏறக்குறைய இதே கதிதான். இதையெல்லாம் கடையில் உட்கார்ந்து நன்றாக யோசித்துத்தான் அவர் ஒரு கொள்கைக்கு வந்திருந்தார். ஓர் அணியிடம் வருஷத்துக்கு இம்புட்டுத்தான் கோல் இருக்கும். அதை ஆடித் தள்ளுபடியில் அள்ளி இறைத்துவிட்டால், ஆவணியில் காலிக் கடையைத்தான் திறக்க வேண்டும்.

இந்தக் கொள்கையை அவர் பயிற்சியாளர் விஜய்ஆனந்திடம் எடுத்துச் சொன்னார். விஜய்ஆனந்த் மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் கால்பந்துத் தத்துவம் படித்துச் சான்றிதழ் வாங்கினவர். அந்தச் சான்றிதழுக்கு லேமினேஷன் போட்டுக்கொடுத்ததே பத்ரிநாத்தான்.

“மாப்ள, புதுசா வந்திருக்கானே தவசி, அவனை ஆடியில எறக்காத. ஆவணிக்கு எடுத்து வையி.”

“அண்ணே, ரிசல்ட்டு முக்கியமில்லண்ணே. ப்ராசஸ்தான் முக்கியம்.”

“ரிசல்ட்டு முக்கியமில்லேன்னா தோத்துக்கிரலாம்ல?”

“தோத்தா அது ரிசல்ட்டு ஆயிரும்ணே.”

தத்துவம் படித்தவனிடம் என்ன பேசுவது? அதோடு விஜய்ஆனந்த் அந்த வருஷம் எல்லோருக்கும் ஒரு கறுப்பு அரைப் பனியன் வேறு வாங்கி மாட்டிவிட்டிருந்தார். அதன் முதுகில் ஒரு சிப்பு. யார் எம்புட்டுத் தூரம் ஓடினார்கள் என்று போனில் காட்டுமாம். முதல் வாரத்தில் கோல்கீப்பர் பதினாறு கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டியது. விசாரித்ததில், பனியனைக் கழற்ற மறந்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார். ஆனாலும் சிப்பு பொய் சொல்லாது என்பதால், வாரத்தின் சிறந்த உழைப்பாளி என்ற பட்டம் அவருக்கே போனது.

தவசி ஆனையூர்க்காரன். நாலு பேர் மறித்தாலும் நடுவில் நுழைந்து போய்விடுவான். மாட்டுத்தாவணிக் கூட்டத்தில் தினமும் பஸ் ஏறிப் பழகிய உடம்பு. அவன் பந்தை அடிக்கிற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் பத்ரிநாத்துக்கு ஒரு பக்கம் புல்லரிக்கும், இன்னொரு பக்கம் சரக்குத் தீர்கிறதே என்று பதறும்.

முதல் பயிற்சி ஆட்டம் ஒத்தக்கடை அணியோடு. திடலுக்கு அனுமதி வாங்கப் பத்ரிநாத்தே போனார். மாநகராட்சித் திடல் அனுமதிப் பிரிவின் பொறுப்பு அலுவலர் அழகுபாண்டி, ஆட்டத்துக்கு அடித்திருந்த நோட்டீசை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“போட்டியா?”

“ஆமா சார்.”

“போட்டின்னா பந்தோபஸ்துக்கு ஒரு கடிதம், ஆம்புலன்சுக்கு ஒரு கடிதம், தீயணைப்புக்குத் தடையில்லாச் சான்று.”

“கால்பந்துக்கு எதுக்கு சார் தீயணைப்பு?”

“அனல் பறக்கும்னு நோட்டீசுல போட்டிருக்கே. அடிச்சது யாரு?”

அடித்தது பத்ரிநாத்தேதான். “இல்ல சார், இது சும்மா நட்பு ஆட்டம்,” என்றார்.

“அப்ப போட்டி கெடையாது?”

“கெடையாது சார்.”

“எழுதிக் குடுங்க.”

மனு எழுதுகிற கை சும்மா இருக்குமா? பத்ரிநாத் அங்கேயே பேனாவைத் திறந்து எழுதினார்: ‘மேற்படி ஆட்டமானது முழுக்க முழுக்க நட்பு அடிப்படையிலானது என்றும், இதன் பொருட்டு எவரொருவருக்கும் வெற்றியோ தோல்வியோ ஏற்படாது என்றும் இதன் மூலம் உறுதி கூறப்படுகிறது.’ கீழே கையெழுத்துப் போட்டு மூன்று பிரதி கொடுத்தார். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று வழியெல்லாம் அவருக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் தொடங்கியது. அம்மியைத் தூக்குகிற ஆடிக்காற்று. ஒத்தக்கடை கோல்கீப்பர் பேயாண்டி உதைத்த பந்து காற்றில் போய்த் திரும்பி அவரிடமே வந்தது. திடலின் ஓரத்தில் அழகுபாண்டி ஒரு நாற்காலி போட்டு, மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். நட்பு முறைப்படி நடக்கிறதா என்று பார்வையிட வந்திருக்கிறாராம். பத்தாவது நிமிஷத்தில் தவசி மூன்று பேரைத் தாண்டிப் பேயாண்டியின் காலிடுக்கில் பந்தைச் சொருகினான். உடனே ஒரு விசில். ஊதியது நடுவர் அல்ல.

“இங்க என்ன நடந்துச்சு?” என்று அழகுபாண்டி திடலுக்குள் வந்து கேட்டார்.

“கோலு சார்,” என்றார் விஜய்ஆனந்த்.

“யாருக்கு?”

“எங்களுக்கு.”

“ஒத்தக்கடைக்கு?”

“அவுங்களுக்கு இல்ல சார்.”

“ஒருத்தருக்கு இருக்கு, ஒருத்தருக்கு இல்லேன்னா அது என்னங்க நட்பு?” என்று கேட்டுவிட்டு அவர் பேயாண்டி பக்கம் திரும்பினார். “உங்க மனசு புண்பட்டுச்சா?”

பேயாண்டி நேர்மையான ஆள். “காலிடுக்குல போச்சுல்ல சார், கொஞ்சம் புண்படத்தான் செய்யும்,” என்றார்.

‘நட்புக்குப் பங்கம் நேர்ந்துள்ளது’ என்று அழகுபாண்டி கோப்பில் எழுதினார். கோல் நிறுத்திவைக்கப்பட்டது. இனிமேல் கோல் போட விரும்புகிறவர்கள் எதிரணிக் கோல்கீப்பரிடம் எழுத்துப்பூர்வமாக முன்அனுமதி பெற வேண்டும் என்றும் சொன்னார்.

விஜய்ஆனந்த் தலையில் கைவைத்தார். பத்ரிநாத்துக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கோல் போட்டாயிற்று, ஆனால் கணக்கில் இல்லை, சரக்கு அப்படியே பத்திரம். “சார் சொல்றதுதான் சரி. படிவம் நானே தயார் பண்ணித் தாரேன்,” என்று முந்திக்கொண்டு ஓடினார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஒத்தக்கடை. தவசி எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டு கோல் வாசலுக்கு வந்து நின்றான். காலுறைக்குள்ளிருந்து படிவத்தை உருவிப் பேயாண்டியிடம் நீட்டினான். பேயாண்டி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். தடுப்பாட்டக்காரர்கள் ஓடிவந்து, தோளுக்குப் பின்னாலிருந்து அவர்களும் படித்தார்கள்.

“ஆதார் நகலு வெச்சிருக்கீகளா?”

“ரெண்டாவது பக்கத்துல இருக்குண்ணே.”

“போட்டோல மீசை இருக்கு, ஆளுக்கு இல்லையே.”

“எடுத்துட்டேண்ணே. அண்ணே, பந்து உருண்டு போகுதுண்ணே, சீக்கிரம்.”

பேயாண்டி தாளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “ஜெராக்ஸ் தெளிவா இல்ல,” என்று திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

ஆட்டம் முடிந்ததும் விஜய்ஆனந்த் ஓடிவந்து பத்ரிநாத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “அண்ணே, நான் மூணு நாளு படிச்சும் புரியல. இப்பத்தாண்ணே புரியுது. இதுதான் உண்மையான ப்ராசஸ்.”

வில்லாபுரத்துக்காரன் என்னமோ புதுசாகச் செய்கிறான் என்ற பேச்சு பரவினால் அப்புறம் கேட்க வேண்டுமா? இரண்டே வாரத்தில் எட்டு அணிகளும் காலுறையில் படிவம் செருகிக்கொண்டன. ஓர் அணி பாக்கெட் வைத்த ஜெர்சி தைத்தது. இன்னோர் அணி கோல் கம்பத்தின் ஓரமாக மேஜை போட்டு, மைப்பெட்டியும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்தது. படிவம் இல்லாமல் கோல் போட்ட ஒருவரை நாகரிகம் தெரியாத ஆள் என்று அவருடைய அணிக்காரர்களே வெளியே உட்காரவைத்தார்கள். வெளிநாட்டில் இப்போது இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

ஆடி முடிந்தது. ஒரு கோல்கூடக் கணக்கில் ஏறவில்லை. பத்ரிநாத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

“சூடா, தவசி கால்ல இருபத்தி மூணு கோலு சீல் உடைக்காம அப்படியே இருக்கு. ஆவணியில பாரு.”

“பெயிண்டு கடையில வெள்ளைக்குச் சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் சூடாமணி.

ஆவணி முதல் ஞாயிறு. எட்டு அணிகளும் திடலில் வரிசையாக நின்றன. பத்ரிநாத் தொண்டைக்கு மிளகு வெந்நீர் குடித்துவிட்டு வந்திருந்தார், கத்துவதற்கு. அழகுபாண்டி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆணையை வாசித்தார்.

“ஆடித் திங்களில் நடைபெற்ற ஆட்டங்கள் யாதொன்றிலும் எவரும் தோல்வியுறவில்லை என்பது மகிழ்ச்சியுடன் கவனிக்கப்படுகிறது. வில்லாபுரம் கழகம் அளித்த உறுதிமொழியே இதற்கு முன்மாதிரி. ஆகவே லீக் ஆட்டங்களும் நட்பு ஆட்டங்களாகக் கருதப்பட்டு, நடந்து முடிந்ததாகவும் கருதப்பட்டு, எட்டு அணிகளும் முதலிடம் பெற்றதாக இதன் மூலம் அறிவிக்கப்படுகிறது. கோப்பை ஒன்றே இருப்பதால் அது அலுவலகத்தில் பாதுகாக்கப்படும். அணிகளுக்குக் கோப்பையின் கலர் ஜெராக்ஸ், உரிய சான்றொப்பத்துடன் வழங்கப்படும்.”

பத்ரிநாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். “சார், ஆடாமலேயா?”

“ஆடினா யாராவது தோத்துருவாங்களே.”

“தோக்கட்டும் சார். அதுக்குத்தானே லீக்கு.”

அழகுபாண்டி கோப்பைத் திறந்து, பத்ரிநாத்தின் கையெழுத்தையே விரலால் காட்டினார். “எவரொருவருக்கும் தோல்வி ஏற்படாதுன்னு எழுதிக் குடுத்தது யாரு? அருமையான வாக்கியம். நாங்க அப்படியே எடுத்துக்கிட்டோம்.”

பத்ரிநாத்துக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷம் வெயிலிலும் புழுதியிலும் நின்று தொண்டை கிழியக் கத்தினது இந்தத் தாளுக்கா? சுற்றிப் பார்த்தார். அதற்குள் ஏழு அணி ரசிகர்களும் சரவெடியைப் பற்றவைத்துவிட்டார்கள். விஜய்ஆனந்தை நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மேலேயிருந்து, “சாம்பியன்ணே, சாம்பியன்,” என்று கையசைத்தார். தவசி மட்டும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“அண்ணே, அப்ப நான் எப்பண்ணே கோல் போடுறது?”

பத்ரிநாத் அவன் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். கலர் ஜெராக்ஸ் எடுக்கிற வேலை அவர் கடைக்கே வந்திருந்தது. எட்டுப் பிரதி எடுத்தார்.

வீட்டில், லேமினேஷன் போட்ட கப்பைச் சூடாமணி வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“எத்தனை பேருக்குக் குடுத்தாங்க?”

“எட்டு.”

“அப்ப எட்டுல ஒரு பங்கு கப்பு வந்திருக்கு. சொன்ன சொல்லு மாற மாட்டேன். சுவத்துல எட்டுல ஒரு பங்கு கத்தரிக்கா இருக்கட்டும். மிச்சத்துக்கு வெள்ளை அடிங்க.”

பத்ரிநாத் டேப் பிடித்து அளந்தார். எட்டில் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கோல்போஸ்ட் அளவு வந்தது. பக்கச்சுவரில் அந்த அளவுக்கு நிறத்தை விட்டுவிட்டு, தன் கையாலேயே வீடு முழுக்க வெள்ளை அடித்தார். அடித்து முடித்த சாயங்காலம் தவசி தெருவில் வந்து நின்றான். சுவரைப் பார்த்தான். பந்தைக் கீழே வைத்து, ஒரே உதை. கத்தரிப்பூக் கட்டத்தின் மேல்மூலையில் பட்டுத் திரும்பியது. “கோல்,” என்று பத்ரிநாத் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்தது. இரண்டாவது உதைக்கு எல்லோரும் கத்தினார்கள். நாங்களும்தான் கத்தினோம். அப்படி ஒரு சந்தோஷம் வில்லாபுரத்துக்கு வாய்த்ததே இல்லை.

ஆறாவது கோலின்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அழகுபாண்டி ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“சுவரு யார் பேர்ல இருக்கு?”

“என் சம்சாரம் பேர்ல சார்.”

“முன்அனுமதி வாங்கியாச்சா?”

பத்ரிநாத் கடைக்கு ஓடிப்போய் மூன்று பிரதியோடு வந்தார். சூடாமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புதுச்சுவரில் பதிந்திருந்த பந்துத் தடங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“ஜெராக்ஸ் தெளிவா இல்ல,” என்றார்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர், கோல் என்று கத்தினவர்களுக்கும் தனியாகப் படிவம் உண்டா என்று பணிவாகக் கேட்டார். அழகுபாண்டி வானத்தைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் எல்லோரும் பத்ரிநாத் கடை வாசலில் வரிசையில் நின்றுவிட்டோம்.