பற்றரி காக்காவின் கங்குன் கீரை

உலகத்திலேயே மிளகாய்க் கன்றுக்குப் பயான் பண்ணிய ஒரே மனிதர் எங்கள் பற்றரி காக்காதான். பள்ளியில் மௌலவி ஜமாஅத்துக்குச் செய்யும் உபதேசத்தைக் காக்கா தன் வளவில் மிளகாய்க்குச் செய்தார். மறுத்து எழுத எந்த ஊரிலிருந்தும் ஆள் வராது என்ற துணிவில் சொல்கிறேன்.

கல்முனையில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். பழைய பற்றரிகளை உடைத்து, ஈயத்தை வளவிலேயே உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்ப்பது அவர் தொழில். பெரியநீலாவணையிலிருந்துகூட வலைக்காரர்கள் வருவார்கள். பற்றரி கழுவிய தண்ணீர் முழுக்கத் தோட்டத்துக்குப் போகும். அங்கே மிளகாய் மஞ்சளித்துச் சாகும். பயிற்றை முளையிலேயே கருகும். கங்குன் கீரை மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி தளதளவென்று நிற்கும்.

காக்கா மிளகாயின் முன்னால் குந்துவார்.

"ஏன்கா இப்பிடி வாடுறாய்? சபூர், பொறுமை எண்டா என்னெண்டு தெரியுமா உனக்கு? கங்குனப் பாரு. அதே மண்ணு, அதே தண்ணி. ஒரு முறைப்பாடு சொல்லுதா?"

மிளகாய் பதில் சொல்லாமல் செத்துப்போகும். அடுத்த கிழமை புதுக் கன்று வரும், பயான் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும்.

அவர் கை எப்போதும் நடுங்கும். தேத்தண்ணிக் கிளாஸ் வாய்க்குப் போய்ச் சேருமுன் பாதி நிலத்தில் கிடக்கும். "மண்ணுக்கும் ஸதக்கா குடுக்கணும் தம்பி" என்று அதைத் தர்மக் கணக்கில் எழுதுவார். எங்கள் ஒழுங்கைச் சனமே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

என் மனைவி பரீனாவுக்குக் கர்ப்பம் தரித்து மூன்றாம் மாதம், இரத்தம் குறைவு, கீரை தின்னுங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி மதிலைத் தாண்ட எவ்வளவு நேரம்? அந்த வெள்ளிக்கிழமையே ஒரு பீங்கான் நிறையக் கங்குன் சுண்டல் வந்தது. எங்கள் ஒழுங்கையில் அயல்வீட்டுப் பீங்கானை வெறுமையாகத் திருப்பினால் மானம் போய்விடும். பரீனா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம் வைத்து அனுப்பினாள். காக்காவுக்கு வட்டிலாப்பம் என்றால் உயிர். அடுத்த வெள்ளி கீரை இரண்டு பீங்கானில் வந்தது. வட்டிலாப்பமும் இரண்டு போனது. இப்படியே ஒரு மாதம்.

அப்போதுதான் பரீனாவின் தங்கை ரிஸ்னா வந்தாள். மண் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"மச்சான், மிளகாய் சாகுற மண்ணுல கங்குனுக்கு மட்டும் என்ன பெருநாள்?"

மண்ணிலும் கீரையிலும் கொஞ்சம் எடுத்துப் போனாள். பத்து நாளில் அழைப்பு வந்தது.

"இலைக்குள்ள ஈயம் மச்சான். மிளகாய்க்கு அதத் தாங்க ஏலா, செத்துப்போகுது. கங்குன் அத உள்ளுக்க ஒதுக்கி ஒதுக்கி வெச்சிப்போட்டு வெளிய பச்சையா நிக்கும். பரீனா ராத்தாவ இனி ஒரு வாய்கூடத் தின்ன விடாதீங்க!"

யா அல்லாஹ், அன்றைக்கே பரீனாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள் இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாள் எடுக்கும் என்றார்கள். அதற்குள் வந்த வெள்ளியும் கீரை வந்தது. நான் சிரித்துக்கொண்டே வாங்கி, குப்பையில் கொட்டி, பீங்கானில் வட்டிலாப்பம் வைத்துக் கொடுத்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

"மகளுட மொகத்தப் பாருங்க தம்பி, கங்குன்ட வெளிச்சம்!" என்றார் காக்கா, பரீனாவைக் காட்டி.

முடிவு வந்தது. கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது, நல்ல நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள், பயப்பட வேண்டாம் என்றார் டொக்டர். அன்று பின்னேரமே காக்காவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்தோம். ரிஸ்னாதான் சொன்னாள்.

காக்கா நம்பவில்லை. "என்னப் பாருங்க மகள்! முப்பது வருஷமா ஈயத்துக்குள்ளதான் கிடக்கன், இந்தக் கீரையத்தான் தின்னுறன். எனக்கென்ன கொள்ளை?"

"கங்குனும் இதத்தான் சொல்லும் காக்கா" என்றாள் ரிஸ்னா.

காக்காவின் கையிலிருந்த கிளாஸ் சோசருடன் மோதிக் கிணுகிணுத்தது. தேத்தண்ணி சாரத்தில் கொட்டியது. நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம். காக்காவும் பார்த்தார்.

பிறகு பரீனாவைப் பார்த்துவிட்டு ரிஸ்னாவிடம் கேட்டார். "மகளுக்கு? வகுத்துப் புள்ளைக்கு?"

"ஒண்டுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ரிஸ்னா.

காக்கா கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். கங்குனை ஒரு வேர் மிச்சமில்லாமல் பிடுங்கினார். ஈயம் உருக்கும் அடுப்பை உடைத்தார். பிறகு கடைசி மிளகாய்க் கன்றின் முன்னால் குந்தினார். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"மன்னிச்சிக்க. நீதான் உண்மையச் சொன்னாய். நான் உனக்குப் போய் பயான் பண்ணினன்."

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, மருந்து, ஊசி. ஈயம் எலும்புவரை போயிருக்கிறதாம், மெதுவாகத்தான் இறங்குமாம். காக்கா இப்போது வீட்டு வாசலில் கிழிந்த வலை பொத்துகிறார், குண்டு வார்ப்பதில்லை. எங்கள் மகள் தவழ்கிறாள். மழைக்கு அந்த மண் இந்தப் பக்கம் கசிந்து அவள் கையில் படக் கூடாதென்று மதிலடியை ஒரு சாண் உயரத்துக்குச் சீமெந்தால் பூசியவரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமைப் பீங்கான் மட்டும் நிற்கவில்லை. இப்போது ஆலையடிவேம்புச் சந்தையில் வாங்கிய வாழைப்பழம் வருகிறது. மதிலின் மேல் பீங்கான் இன்னும் கடகடவென்று ஆடித்தான் வருகிறது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன், பீங்கானையும் அவர் கையையும் சேர்த்து.